சாப்ஸ் வறண்டு போகிறதா?

பெங்களூரு பிரேசர் டவுனில் வாங்கிய பன்றி சாப்ஸ் (முதுகுப் பகுதித் துண்டு) இருபது நிமிடம் வறுத்தும் செருப்புத்தோலாகிறது என்கிறீர்கள். வறுத்தும் அல்ல, அவ்வளவு நேரம் வறுத்ததால்தான். அந்தத் துண்டில் கொழுப்பு குறைவு. ஓர் அங்குலத்துக்குக் குறையாத கனத்தில், எலும்போடு வெட்டித் தரச் சொல்லுங்கள். மெல்லிய துண்டோடு போராடுவது வீண். ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் உப்பு கரைத்து, ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடையுங்கள். இரும்புக் கல்லில் இருபுறமும் சிவந்ததும் தீயைக் குறையுங்கள். நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் எட்டியதும் இறக்கி, மூன்று நிமிடமாவது ஆறவிடுங்கள்; அமெரிக்க வேளாண் துறை 2011இல் முழுத் துண்டுகளுக்குச் சொன்ன அளவு இது. நாடாப்புழு பயம் விடவில்லையென்றால் 70 வரை போங்கள், சாறு கொஞ்சம் குறையும். வெப்பமானி இல்லாமல் இதெல்லாம் குருட்டுக் கணக்கு. நெடுநேரம் வேகும் குடகுப் பன்றிக் குழம்புக்கு மட்டும் சாப்ஸ் வேண்டாம், கொழுப்புள்ள தோள் கறியும் வயிற்றுக் கறியும் கேட்டு வாங்குங்கள்.