வாக்குச்சீட்டில் எதற்கு எண்?

கேள்வி: சிங்கப்பூர் வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறதே, அதை வைத்து யாருக்குப் போட்டோம் என்று கண்டுபிடித்துவிட மாட்டார்களா? அம்மா இன்னும் பயந்துகொண்டேதான் போடுகிறார். (ஈசூன் வாசகி)

அந்த எண் கள்ளச்சீட்டைப் பிடிக்க. வெளியில் அச்சடித்ததைப் பெட்டிக்குள் திணித்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும். சீட்டைக் கிழித்துக் கொடுத்தபின் மிஞ்சும் அடிச்சீட்டிலும் அதே எண் உண்டு. யார் யாருக்குப் போட்டார் என்று துப்புத் துலக்க இரண்டும் ஒருசேரக் கையில் வேண்டும். ஆனால் எண்ணி முடித்ததும் இரண்டுக்கும் முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் 6 மாதம் பூட்டிவைத்து, பிறகு அழித்துவிடுகிறார்கள். நடுவில் திறக்க நீதிமன்ற ஆணை தேவை. அதுவும் கள்ள வாக்கு முடிவையே மாற்றியிருக்கலாம் என்றால்தான். 1948 முதல் அப்படி ஓர் ஆணை பிறந்ததில்லை என்கிறது தேர்தல் துறை.

அம்மா கவனிக்க வேண்டியது வேறு: சீட்டில் பெயரோ கையெழுத்தோ போட்டால் செல்லாது. பெருக்கல் குறிக்குப் பதில் சரி குறி போட்டாலும், யாருக்கு என்பது தெளிவாக இருந்தால் ஏற்பார்கள்.

கேள்வி: மாதிரி வாக்கு எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்? (உட்லண்ட்ஸ் வாசகர்)

ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலிருந்தும் 100 சீட்டு எடுத்துக் கணக்கிடுவது அது. 4 விழுக்காட்டுப் புள்ளி மேலே கீழே போகலாம். 52-48 என்று வந்தால் யாரும் பட்டாசு வாங்க வேண்டாம். இறுதி வித்தியாசம் செல்லுபடியான வாக்குகளில் 2 விழுக்காடோ அதற்குக் குறைவோ என்றால் மறு எண்ணிக்கை தானாக நடக்கும். 2025இல் ஜாலான் காயு தொகுதியில் 806 வாக்கு வித்தியாசம். கிட்டத்தட்ட 3 விழுக்காடு. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

கேள்வி: வெளிநாட்டு உளவு, தலையீடு என்கிறார்களே, நம் ஊரில் நடந்ததுண்டா? (தேக்கா வாசகர்)

நடந்தது. 1960இல் நம் காவல்துறையின் உளவுப் பிரிவான சிறப்புப் பிரிவின் அதிகாரி ஒருவரை விலைக்கு வாங்கப் பார்த்து அமெரிக்காவின் உளவு அமைப்பான சிஐஏ மாட்டிக்கொண்டது. “விஷயத்தை அமுக்க 3.3 மில்லியன் அமெரிக்க டாலர் தருவதாகச் சொன்னார்கள், நான் நாட்டுக்கு 33 மில்லியன் உதவி கேட்டேன்” என்று 1965இல் பிரதமர் லீ குவான் இயூ போட்டு உடைத்தார். வாஷிங்டன் மறுத்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் 1961 ஏப்ரல் 15 அன்று வருத்தம் தெரிவித்து எழுதிய கடிதம் வெளிவந்ததும் மறுப்பு கரைந்துபோனது. ஒன்று கவனியுங்கள்: தம் அதிகாரிகளின் முறைகேட்டுக்குத்தான் கடிதம் வருந்துகிறது, பேரத் தொகைக்கு லீயின் சொல்தான் சாட்சி.

கேள்வி: மலேசிய நண்பர் ஒரு வேட்பாளரின் பிரசாரக் காணொளியைப் பகிரலாமா? (தெம்பனிஸ் வாசகி)

கூடாது. இணையத் தேர்தல் விளம்பரம் குடிமக்களுக்கு மட்டும், நிரந்தரவாசிக்கும் இடமில்லை. 2025 ஏப்ரலில் வெளிநாட்டவர் பதிவுகளை இங்கே மறைக்கச் சொல்லி ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவுக்கு உத்தரவே போனது.