வாய்ப்புற்று: கால்சியமும் சோடியமும் தடம் மாறும்போது

கேள்வி: அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். ஒரு வாரமாகச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறார், ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுகிறார், மலச்சிக்கல் வேறு. நேற்று என்னைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது. மூளைக்குப் பரவிவிட்டதா டாக்டர்?

பதில்: பதறாதீர்கள், ஆனால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். சில வாய்ப்புற்றுக் கட்டிகள், பாராதைராய்டு ஹார்மோன் மாதிரியே வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் சேர்க்கும். சிறுநீரகம் அதை வெளியேற்றவும் விடாது. இதற்குப் புற்று எலும்புக்குப் பரவியிருக்க வேண்டியதே இல்லை. நீங்கள் எழுதிய தொந்தரவுகள் அத்தனையும் கால்சியம் ஏறினால் வரக்கூடியவை.

ரிப்போர்ட்டில் அல்புமினையும், அதாவது ரத்தத்தில் கால்சியத்தைச் சுமந்து செல்லும் புரதத்தையும், சேர்த்துப் பாருங்கள். சரியாகச் சாப்பிட முடியாதவருக்கு அது இறங்கியிருக்கும். 4 கிராமுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சியத்தோடு 0.8 கூட்ட வேண்டும். கால்சியம் 10.4, அல்புமின் 2 என்றால் உண்மைக் கணக்கு 12. 'நார்மல்' என்று அச்சிட்ட தாளை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். முதலில் சலைன் ஏற்றுவார்கள், அப்புறம் எலும்பிலிருந்து கால்சியம் கரைவதைத் தடுக்கும் ஸோலெட்ரோனிக் ஆசிட் ஊசி. ஊசி வேலை காட்ட இரண்டு மூன்று நாளாகும்.

கேள்வி: கால்சியம் ஏறினால் பாலையும் கேழ்வரகையும் நிறுத்தணுமா?

பதில்: வேண்டாம். ஏறுவது எலும்பிலிருந்து. ஏற்கெனவே மெலிந்தவரைப் பட்டினி போடாதீர்கள். கால்சியம், வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்டுவந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லி நிறுத்துங்கள்.

கேள்வி: கன்னப்புற்று உள்ள அம்மாவுக்குச் சோடியம் 118. கஞ்சியில் உப்பு கூட்டியும் ஏறவில்லையே?

பதில்: பெரும்பாலும் உப்பு குறைவதில்லை, தண்ணீர் மிஞ்சுகிறது. சிறுநீரைத் தடுத்து நிறுத்தும் ஏ.டி.ஹெச். ஹார்மோனைச் சில கட்டிகள் தாமே சுரக்கும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தாலும் சோடியம் இறங்கலாம். ஆகவே கீமோ ஃபைலை மறக்காமல் எடுத்துப்போங்கள். 118 வீட்டில் வைத்துப் பார்க்கிற அளவு இல்லை. வேகமாக ஏற்றினாலும் மூளைக்குக் கேடு என்பதால் நாளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் ஏற்றுவார்கள். தண்ணீரைக் குறைக்கச் சொன்னால், உணவு கொடுக்கும் மூக்குக் குழாயைக் கழுவ ஊற்றும் தண்ணீரும் கணக்கில் வரும்.

கேள்வி: இந்த ரத்தப் பரிசோதனையால் வாய்ப்புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாமா?

பதில்: முடியாது. இந்த மாற்றங்கள் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே வரும். புகையிலையோ பாக்கோ போடுகிறவர் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருந்தால் உடனே காட்ட வேண்டும், வலி இல்லாவிட்டாலும்.