பேஞ்சோவில் கம்பி உயரமாக நிற்கிறது, குதிரையைத் தேய்க்கலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் இருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து அம்மான் கொண்டுவந்து கொடுத்த ஐந்து கம்பி பேஞ்சோவில் (வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய கம்பி வாத்தியம்), 12-ஆவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டை) மேல் கம்பி 5 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. அழுத்தினால் விரல் நோகிறது, சுருதியும் ஏறிவிடுகிறது. ஆசாரியிடம் கொடுத்து, தோலின் மேல் கம்பியைத் தாங்கி நிற்கும் குதிரையின் உயரத்தைக் குறைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். இப்போதே தேய்க்காதீர்கள். காரைக்குடிப் பக்கம் பேஞ்சோ வைத்திருப்பவர்கள் சிலருக்குக் கம்பி மாற்றி, செட்டப் செய்து கொடுத்து வருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் குதிரையைத்தான் முதலில் சந்தேகப்படுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிறது, கையால் எடுக்க வருகிறது, அதனால்தான். ஆனால் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

12-ஆவது ஃப்ரெட் என்பது கம்பியின் சரிபாதி. குதிரையை 2 மி.மீ. இறக்கினால் அங்கே 1 மி.மீ.தான் இறங்கும். அந்த இடத்தில் 3 மி.மீ. சொச்சம் இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். உங்களுடையதை 5-லிருந்து 3.2-க்குக் கொண்டுவர, குதிரையில் 3.6 மி.மீ. போக வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் குதிரை 5/8 அங்குலம், அதாவது 15.9 மி.மீ. அதில் அவ்வளவு போனால் மிஞ்சுவது 12.3. கம்பி தோலை ஒட்டி வந்துவிடும், வலது கை விரலில் மாட்டும் பிக் தோலில் தட்டும், ஒலியும் மெலிந்துவிடும். ஆகவே கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் தோல். பின்பக்கம் ரெசனேட்டர் எனும் மூடி இருந்தால் திருகுகளைக் கழற்றி எடுத்துவிடுங்கள். இப்போது வரும் பேஞ்சோக்களில் பெரும்பாலும் மைலார் பிளாஸ்டிக்தான், அதற்கு ஈரப்பதம் ஒன்றும் செய்யாது. பழைய வாத்தியமாகி உண்மையான கன்றுத்தோல் போட்டிருந்தால் கதையே வேறு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது விறைத்துக் குதிரையை மேலே தூக்கும். ஐப்பசி மழையில் தளர்ந்து குதிரை கீழே இறங்கும். வெயிலில் பார்த்துத் தேய்த்த குதிரை அடைமழையில் கம்பியை ஃப்ரெட்டில் மோதவிட்டு அதிரவைக்கும். தோல் வாத்தியத்துக்கு உயரமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்று இரண்டு குதிரை வைத்துக்கொண்டு பருவத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் நல்லது.

மைலாரோ தோலோ, குதிரைக்குப் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். தோல் நடுவே பள்ளமாகத் தெரிந்தால் தளர்ந்திருக்கிறது. கம்பிகளுக்கடியில் துணி செருகி ஒலியை அடக்கிவிட்டு, தோலை விரலால் சுண்டினால் ஒரு சுரம் கேட்கும். ப்ளூகிராஸ் எனும் அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிப்பவர்கள் அதை மேற்கத்திய சுரமான ஜி அல்லது ஜி ஷார்ப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். தளர்ந்திருந்தால் சுற்றியுள்ள கொக்கிகளின் நட்டை எதிரெதிராக, ஒவ்வொன்றிலும் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்குங்கள். ஒரே பக்கமாக முடுக்கினால் தோலை இழுத்துப் பிடிக்கும் வளையம் சாய்ந்துவிடும், மிஞ்சி முடுக்கினால் மைலார் கிழியும். முடுக்கினால் கம்பி இன்னும் கொஞ்சம் உயரும்தான். பரவாயில்லை. அதுதான் உங்கள் வாத்தியத்தின் உண்மையான உயரம். தளர்ந்த தோலில் அளந்து குதிரையைத் தேய்த்தால், தோலைச் சரிசெய்த அன்றே அந்த அளவு பொய்யாகிவிடும்.

அடுத்தது கழுத்து. ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழு, எட்டாவது ஃப்ரெட் அருகே விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி இருந்தால் போதும். அதைவிட அதிகம் என்றால் கழுத்து முன்பக்கம் வளைந்திருக்கிறது. நடுப்பகலில் காருக்குள் விட்டுவைத்த வாத்தியங்களில் இது சகஜம். உள்ளே டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) இருந்தால் கால் சுற்று திருப்பி, சுருதி கூட்டி, ஒரு நாள் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அவசரப்பட்டால் மரை போய்விடும்.

கழுத்து நேராக இருந்தும் 5 மி.மீ. நின்றால், கழுத்து சட்டத்தோடு சேரும் கோணம்தான் காரணம். சட்டத்துக்குள் குறுக்கே போய்க் கழுத்தைப் பிடித்திருக்கும் கோஆர்டினேட்டர் ராட் எனும் தண்டின் நட்டால் கொஞ்சம் மாற்றலாம், கொஞ்சம் மட்டுமே. அதிகம் போனால் வட்டச் சட்டம் கோணலாகிவிடும். கழுத்தைக் கழற்றி, அது சட்டத்தில் ஒட்டுமிடத்தில், ஃப்ரெட் பலகைப் பக்கமாக மெல்லிய சீவல் ஒன்றை வைத்துப் பூட்டுவதே எனக்குப் பிடித்த வழி. தலைப்பக்கம் சற்றே பின்னால் சாயும், கம்பி இறங்கும். ஆசாரியின் கை வேண்டியது இங்கேதான். நிலைக்கதவுக்கு இழைத்துப் பழகிய கைக்கு அந்தச் சீவல் பெரிய வேலையில்லை.

காரைக்குடி என்றால் வீணை நினைவுக்கு வராமல் இருக்காது. சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்களின் ஊர். சாம்பசிவ ஐயருக்கு 1952-இல் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. வீணை வாசிக்கும் வீட்டிலிருந்து வருபவர்கள் பேஞ்சோவின் குதிரையும் ஒட்டியிருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். அது தோலின் மேல் சும்மா நிற்கிறது, கம்பியின் அழுத்தம் மட்டுமே அதைப் பிடித்திருக்கிறது. வீணையில் சுரம் பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை (வீணையின் ஃப்ரெட்) நகர்த்தி மேளம் கட்டிவிடலாம், அதாவது சுரத்துக்குச் சரியாகப் பொருத்திவிடலாம். பேஞ்சோவில் ஃப்ரெட் அடித்து இறுக்கியது. நகர்த்த முடிந்தது குதிரை ஒன்றுதான். தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையிலிருந்து (இதற்கும் நட் என்றே பெயர்) 12-ஆவது ஃப்ரெட் வரை எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவே அங்கிருந்து குதிரை வரை இருக்க வேண்டும். பிறகு காதால் சரிபாருங்கள். 12-க்கு மேல் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் ஒலியும், அங்கே அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறினால் குதிரையை வால்பக்கம் நகர்த்துங்கள், இறங்கினால் கழுத்துப்பக்கம். நின்ற இடத்தில் பென்சிலால் சின்னக் குறி போடுங்கள். கம்பியை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றினால் குதிரை விழுந்துவிடும்.

உங்கள் வீட்டில் கழித்துப்போட்ட பர்மாத் தேக்கில் புதிய குதிரை செய்யலாமா என்ற எண்ணமும் வரலாம். நான் சொல்ல மாட்டேன். மேப்பிள் உடலும் உச்சியில் கருங்காலிப் பட்டையுமாக வரும் நல்ல குதிரையின் எடை இரண்டு கிராமை ஒட்டித்தான் இருக்கும். தச்சுக் கையில் ஆகும் குதிரை கனத்துவிடும். கனம் ஏறினால் தோலின் துள்ளல் அடங்கும், பேஞ்சோவின் உயிரே அந்தத் துள்ளல்தான்.

இவ்வளவும் செய்தபின் 12-இல் 4 மி.மீ. நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது குதிரையைக் கழற்றாமலே அதன் உயரத்தை அளந்து பாருங்கள். 11/16 அங்குலம், அதாவது 17.5 மி.மீ. என்றால், 5/8 குதிரை ஒன்று வரவழைத்து மாற்றினாலே 0.8 மி.மீ. இறங்கி 3.2-க்கு வந்துவிடும். ஏற்கெனவே 5/8-ஆக இருந்தால் மட்டும் தேய்ப்பு. அதுவும் கைவசம் இன்னொரு குதிரை இருக்கும்போது. கம்பி உட்காரும் வெட்டை ஆழப்படுத்தாதீர்கள், கம்பி புதைந்து நாதம் மழுங்கும். சமமான கண்ணாடியின் மேல் 220 நம்பர் உப்புத்தாளை விரித்து, குதிரையின் பாதங்களை நேராகப் பிடித்துத் தேயுங்கள். ஆத்தங்குடிக் கல்லும் கண்ணாடியின் மேல்தானே வார்க்கிறார்கள், அந்தச் சமம் வேண்டும். பத்து இழுப்புக்கு ஒருமுறை காலிப்பர் வைத்து அளந்து, கம்பி மாட்டி வாசித்துப் பார்த்துவிட்டு அடுத்த பத்து.