அம்மாவின் மறதி வயதினாலா, டிமென்ஷியாவா? எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் அம்மாவுக்கு 71 வயது, ஆறு மாதமாக நிறைய மறக்கிறார், முன்பு போல யாரிடமும் பேசுவதில்லை, உறவுக்காரர்கள் எல்லாரும் "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி நாங்கள் மூன்று மாதத்தைத் தொலைத்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் அம்மா இறந்தபோது அப்பாவுக்கு 74. தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, குறுக்கெழுத்தைப் பேனாவிலேயே நிரப்புகிற மனிதர். அம்மா போன சில வாரங்களில் பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடக்க ஆரம்பித்தது. கண்ணாடியைத் தேடுவார். கிடைத்ததும் எதற்குத் தேடினோம் என்பது மறந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மாத்திரை போட்டாரா என்று கேட்டால் "தெரியல". யார் போன் பண்ணினார்கள் என்றாலும் "தெரியல". விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார். ஆனால் ஒருநாள்கூட அழவில்லை. முதுகு வலிக்கிறது, வயிறு சரியில்லை, இவ்வளவுதான் சொன்னார். அக்கா இது டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகிற நோய் என்றாள். நான் வயசு என்றேன். மனச்சோர்வு என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை, ஏனென்றால் மனச்சோர்வு என்றால் அழுகை என்று நினைத்திருந்தோம். வயதானவர்களிடம் அது பல நேரம் உடம்பு வலியாகவும், தூக்கமின்மையாகவும், எதிலும் ஒட்டாத தன்மையாகவும்தான் வெளியே தெரியும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

கடைசியில் ஒரு முதியோர் நல மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது "எப்போதிலிருந்து?" என்பதைத்தான். ஆளுக்கொரு பதில் சொன்னோம். "நல்லா யோசிங்க, போன வருஷம் இந்நேரம் வரவுசெலவெல்லாம் யார் பார்த்தது?" என்றார். அப்பாதான் பார்த்தார், ஒரு ரூபாய் பிசகாமல். அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது, எல்லாம் சேர்ந்து நான்கு மாதத்துக்குள் நடந்த மாற்றம் இது. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் பெரும்பாலும் அப்படி வராது. மூளைக்குள் அதன் மாற்றங்கள் அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது வருடம் முன்பே தொடங்கிவிடுகின்றன. வெளியே தெரியும் மறதியும் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். அது ஆரம்பித்த மாதம் எது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது.

பிறகு ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். அப்பா வட்டம் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "என்னால முடியாது டாக்டர்." டாக்டர் அவசரப்படவில்லை, காத்திருந்தார். அப்பா மறுபடி பேனாவை எடுத்து, மிக மெதுவாக, எண்களையும் முட்களையும் சரியாகவே போட்டார். அதற்கு முன் சொல்லியிருந்த மூன்று வார்த்தைகளைத் திருப்பிக் கேட்டபோது "ஞாபகமில்லை" என்றார். "ஒண்ணு பழம்" என்று குறிப்புக் கொடுத்ததும் சட்டென்று சொன்னார். மற்ற இரண்டும் அதே மாதிரி.

இதன் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது பெரியம்மாவை அதே மருத்துவரிடம் கூட்டிப்போனபோது. அவருக்கு வந்தது அல்சைமர்தான். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டதற்கு, "ரிட்டயர் ஆனவளுக்குத் தேதி எதுக்கு டாக்டர்?" என்று சிரித்தார். கடிகாரத்தில் பன்னிரண்டு எண்களும் வட்டத்தின் வலது பாதிக்குள்ளேயே நெருக்கியடித்து நின்றன, அவரோ திருப்தியாகத் தாளை நீட்டினார். மூன்று வார்த்தை சொன்னதே அவருக்கு நினைவில்லை. குறிப்பும் உதவவில்லை. மனச்சோர்வில் கவனம்தான் சிதறுகிறது, பதிந்தது உள்ளே இருக்கிறது, தூண்டினால் வெளியே வரும். அல்சைமரில் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியே ஆரம்பத்திலேயே சேதமாகிறது, அதனால் உள்ளே எதுவும் நிற்பதில்லை. மனச்சோர்வு வந்தவர் தன் மறதியைப் பற்றிப் புலம்புவார், டிமென்ஷியா வந்தவர் பெரும்பாலும் சமாளிப்பார். இது கறாரான விதி இல்லை, இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம். ஆனாலும் உங்கள் அம்மா "தெரியல" என்கிறாரா, ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறாரா என்று கவனித்து வையுங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவாக இருந்தது. சர்க்கரைக்காகப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர், அந்த மாத்திரை நாளடைவில் பி12 அளவைக் குறைக்கக்கூடும். தைராய்டு குறைந்தாலும் இப்படி மந்தமாவார்களாம். மூளை ஸ்கேனும் எடுத்தார்கள். ஏனென்றால் சிலருக்கு வாரங்களுக்கு முன்னால் தலையில் பட்ட சின்ன அடியில் ரத்தம் மெல்லக் கசிந்து, மூளையை அழுத்திக்கொண்டிருக்கலாம், அடிபட்டதை வீட்டில் எல்லாரும் மறந்தே போயிருப்பார்கள். நடை தடுமாறி, சிறுநீர் கட்டுப்படாமல், கூடவே மறதியும் வந்தால் மூளையில் நீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் பலவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. "வயசு" என்று சொல்லிவிட்டால் எதையும் தேடவே மாட்டோம், எனக்கு அதுதான் ஆத்திரம்.

பி12 ஊசியோடு மனச்சோர்வுக்கும் மாத்திரை தொடங்கினார்கள். முதல் மூன்று வாரம் எந்த மாற்றமும் இல்லை, நிறுத்திவிடலாமா என்றுகூடப் பேசினோம். அந்த மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே ஆகலாம் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்ததால் பொறுத்தோம். எட்டாவது வாரம் பேப்பர் பிரிந்து கிடந்தது. குறுக்கெழுத்தில் நான்கு கட்டம் பேனாவால் நிரப்பியிருந்தது. அக்காவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஆனாலும் வருடம் ஒருமுறை அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்கிறோம். முதுமையில் வரும் மனச்சோர்வு சிலருக்கு டிமென்ஷியாவின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும்.

இன்னொன்று. "நான் போய்ச் சேர்ந்துட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று அப்பா அந்த மாதங்களில் இரண்டு முறை சொன்னார். பெரியவர்கள் சொல்வதுதானே என்று விட்டோம். அப்படி விடவே கூடாது. உங்கள் அம்மா அந்த மாதிரி ஏதாவது சொன்னால், உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, முந்தின இரவு வரை நன்றாக இருந்த அப்பா என்னைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். போர்வையில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்கூட இல்லை. சிறுநீர்த் தொற்று அது. சிகிச்சை தொடங்கி ஒரு வாரத்தில் பழைய அப்பா. ஓரிரு நாளில் திடீரென வரும் இந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். இது அவசரம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. சிலர் ரகளை செய்யாமல், சும்மா தூங்கித் தூங்கி வழிவார்கள். அதையும் ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, ஒருவேளை டிமென்ஷியா என்றே தெரியவந்தால்? பெரியம்மாவுக்குக் கொடுத்த டோனெபெசில் என்ற அல்சைமர் மாத்திரை நோயை நிறுத்தவில்லை, கொஞ்ச காலம் நிதானம் தந்தது. ஆனால் சீக்கிரம் தெரிந்ததால், யார் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பணத்தை யார் கவனிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே சொல்ல முடிந்தது. காது மெஷின் மாட்டியதும் பேச்சில் மறுபடி கலந்துகொண்டார். காது கேளாமையை அலட்சியம் செய்யாதீர்கள். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் பட்டியலிட்ட, நம்மால் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் அதுவும் ஒன்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றையெல்லாம் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியா வருவதில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு.

மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், தூக்கத்துக்கும் அலர்ஜிக்கும் தாமாக வாங்கிப் போடுபவை உட்பட. டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகளே வயதானவர்களைக் குழப்பிவிடும். அப்புறம், அம்மாவையும் பேசவிடுங்கள். எங்கள் அப்பா நாற்காலியில் இருக்கும்போதே நானும் அக்காவும் அவர் அங்கே இல்லாதது போல அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் அவர் கையை உயர்த்தி, "டாக்டர், என்னையும் கொஞ்சம் கேளுங்க" என்றார். அந்த மூன்று மாதத்தில் அவராக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.