நன்றி சொல்ல ஓர் ஆல்பம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நாங்கள் நால்வர், முப்பது ஆண்டு நட்பு. பிரார்த்தனைக்கும் ஒன்றாகத்தான் போவோம், கேமராவைத் தூக்கிக்கொண்டும் ஒன்றாகத்தான் சுற்றுவோம். மற்ற மூவருக்கும் நன்றி சொல்லும் விதமாக ஆளுக்கொரு ஆல்பம் தர ஆசை. கையில் நாலாயிரம் படங்கள் இருக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கழிப்பதிலிருந்து. 40 பக்க ஆல்பத்துக்கு 60 படம் தாராளம். அதற்கு மேல் போனால் புரட்டுகிறவர் பாதியிலேயே களைத்துவிடுவார். முதல் சுற்றில் ஒரு படத்துக்கு இரண்டு விநாடிக்கு மேல் கொடுக்காதீர்கள். நாலாயிரத்தையும் இரண்டேகால் மணி நேரத்தில் முடித்து 400க்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு வாரம் ஆறப்போட்டு அதை 120 ஆக்குங்கள். கடைசிச் சுற்றைத் திரையில் செய்ய வேண்டாம். சின்னச் சின்னதாக பிரின்ட் போட்டுத் தரையில் பரப்பினால், எது எதன் நகல் மாதிரி இருக்கிறது என்பது நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும்.

நால்வரும் வரிசையாக நின்று சிரிக்கும் படம் மூன்று போதும். மிச்ச இடத்தை உங்களுக்குள் மட்டும் புரிகிற படங்களுக்குக் கொடுங்கள்: டிரைபாட் காலோடு மல்லுக்கட்டும் ஒருவர், லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துத் திட்டு வாங்கும் இன்னொருவர், பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தவர் முகத்தில் ஒரு நிமிடமே தங்கும் அந்த அமைதி. பிறகு, ஆளுக்கு எத்தனை படம் என்று எண்ணிப் பாருங்கள். புகைப்படக்காரர்களின் நட்பில் ஓர் அநியாயம் உண்டு: எப்போதும் எடுத்துக்கொண்டே இருப்பவர் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார்! அவர் குறைந்தது ஐந்து படத்திலாவது வர வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் மற்ற இருவரிடம் ரகசியமாகக் கேளுங்கள்.

கேட்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 8×10 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 2400×3000 பிக்சல் வேண்டும். சுருங்கிய படத்தை அந்த அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 160தான் தேறும். கண்ணிமை முடி குழைந்து மை தீட்டினது போலாகிவிடும். அதே வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் அசல் அப்படியே வந்து சேரும்.

அச்சில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. இரண்டு பக்கத்துக்கும் பரவும் படத்தில் யாருடைய முகமும் நடு மடிப்பில் விழக்கூடாது. மடிப்பு மூக்கை விழுங்கிவிடும். இன்னொன்று, அச்சு இருண்டு வருவது. அதற்கு அச்சகத்தைத் திட்டிப் பயனில்லை, திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு படத்தைத் திருத்தியதுதான் காரணம். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும்வரை திரையைக் குறைத்துவிட்டுத் திருத்துங்கள். எப்படியும் முதலில் ஒரே ஒரு பிரதி அடித்துப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் அடியுங்கள்.

கேள்வி: எண்பதுகளில் எடுத்த கலர் படங்கள் சிவந்துபோய்விட்டன. போதாக்குறைக்கு, பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கின்றன. காப்பாற்ற முடியுமா?

பதில்: அந்தக் கால கலர் பேப்பர்கள் பலவற்றில் சயான் (நீலப்பச்சை) சாயம் இருட்டில் வைத்திருந்தாலே மெல்ல மெல்லக் கரைந்துபோகும். எஞ்சுவது மெஜந்தாவும் (ஊதா கலந்த சிவப்பு) மஞ்சளும். இரண்டும் சேர்ந்தால் சிவப்புதானே! தாளில் போன நிறம் போனதுதான், ஸ்கேன் செய்த கோப்பில் பெருமளவு மீட்கலாம்.

பிரிப்பதற்கு முன்பே, மேலே உள்ள பிளாஸ்டிக் தாளை மட்டும் விலக்கிவிட்டு, பக்கத்தோடு ஒரு முறை ஸ்கேன் செய்துவிடுங்கள். பிரிக்கையில் கிழிந்தாலும் படம் கையில் இருக்கும். பிறகு மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை எடுத்து ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் போல் இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே நகருங்கள். நூல் பக்கத்தோடு ஒட்டியே போகட்டும். வளைக்க வேண்டியிருந்தால் ஆல்பப் பக்கத்தை வளையுங்கள், படத்தை வளைக்காதீர்கள்; வளைத்தால் மேற்பூச்சில் விழும் விரிசல் மறையாது. அடம் பிடித்தால் சுற்றிலும் பக்கத்தையே வெட்டி எடுங்கள். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிய படமென்றால் இழுக்கவே வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம்.

ஸ்கேனரில் 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி), 48 பிட் கலர், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. தானியங்கி நிறத் திருத்தம் அணைந்திருக்கட்டும். பிறகு படம் திருத்தும் மென்பொருளின் 'லெவல்ஸ்' பகுதியில் சிவப்புச் சேனலை மட்டும் திறந்தால், வரைபடம் இடது ஓரத்தைத் தொடாமல் தள்ளி ஆரம்பிப்பது தெரியும். கறுப்பு முனையை அந்த ஆரம்பம்வரை நகர்த்துங்கள். நிழல்களிலிருந்து சிவப்பு வடிந்துவிடும். அதன்பின் நடு முனையைச் சற்று அசைத்துத் தோல் நிறத்தைச் சரிசெய்யுங்கள். நெகட்டிவ் கிடைத்தால் இன்னும் நல்லது: 35 மி.மீ. நெகட்டிவை 3000 டி.பி.ஐ.யில் எடுத்தால் ஏறக்குறைய 12 மெகாபிக்சல் வரும்.

கேள்வி: வழிபாட்டு இடத்தில் ஃபிளாஷ் கூடாது. சத்தம் வராமலிருக்க சைலன்ட் மோடில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. கேமரா கெட்டுவிட்டதா?

பதில்: கேமரா நலம், விளக்குதான் துடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். சைலன்ட் மோடில் சென்சார் வரி வரியாகப் படிப்பதால் மங்கிய தருணங்கள் பட்டைகளாகப் பதிகின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் நாடென்றால் 1/60 அல்லது 1/120. வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும் எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்திறன்) 1600, 3200க்குள் அடங்கும். கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும், அசைந்த படத்தைவிட அது மேல். தீபமோ மெழுகுவத்தியோ சட்டத்துக்குள் வந்தால் எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள், வெள்ளைச் சமநிலையை 3000 கெல்வினில் வையுங்கள். ஆட்டோ விட்டால் அந்தப் பொன்னிறத்தைக் கேமரா கழுவிவிடும். ஃபோகஸுக்காகச் சிவப்பாக மினுக்கும் குட்டி விளக்கையும் அணைத்துவிடுங்கள். கண் மூடி வேண்டிக்கொண்டிருக்கும் நண்பரை எடுக்க முன்பே அனுமதி வாங்கிவையுங்கள். எத்தனை நெருக்கமென்றாலும் அது அவருடைய நேரம்.

கேள்வி: குழுப் படத்தில் எப்போதும் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார். எத்தனை முறைதான் எடுப்பது?

பதில்: இதற்குக் கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள்! ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் இதற்காக 2006இல், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு வாங்கினார்கள். 20 பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மங்கலில் இரண்டால். பன்னிரண்டு பேருக்கு நாலு கிளிக், மங்கலில் ஆறு.

கேள்வி: நட்பு, இறைநம்பிக்கை, புகைப்படம் மூன்றும் சேர்ந்த ஜோடி வரலாற்றில் உண்டா?

பதில்: உண்டு. 1843இல் ஸ்காட்லாந்து திருச்சபையிலிருந்து 450க்கும் மேற்பட்ட போதகர்கள் மனசாட்சியின் பேரில் விலகினார்கள். அந்தக் காட்சியை ஒரே ஓவியமாக வரைய நினைத்தார் டேவிட் ஆக்டேவியஸ் ஹில். இத்தனை முகங்களை எப்படி நினைவில் வைப்பது? இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் கைகாட்டிய இளைஞர் ராபர்ட் ஆடம்சனோடு சேர்ந்து, ஒவ்வொருவரையும் கேலோடைப் என்ற, தாளில் நெகட்டிவ் எடுக்கும் ஆரம்பகால முறையில் படமெடுக்க ஆரம்பித்தார். அதற்கு வெயில் வேண்டும் என்பதால், அறைக்குள் இருப்பது போன்ற காட்சிகளைக்கூட நாற்காலியும் திரைச்சீலையும் போட்டு வெளியில்தான் எடுத்தார்கள். ஓவியத்துக்கான உதவியாகத் தொடங்கிய வேலை தனிக் கலையாகவே வளர்ந்தது. 1848இல், 26 வயதில், ஆடம்சன் இறந்துபோனார். ஹில் ஓவியத்தை முடித்தது 1866இல். கூட்டத்துக்கு நடுவே, கேமராவோடு நிற்கும் ஆடம்சனையும் அதில் வரைந்திருந்தார்.

கேள்வி: பரிசாகக் கொடுக்கும் பிரின்ட்டின் பின்னால் பேனாவால் எழுதலாமா?

பதில்: பால்பாயின்ட் வேண்டாம். அழுத்தம் முன்பக்கத்தில் தடமாகத் தெரியும். இன்றைய பிரின்ட் தாள்களில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பென்சிலும் சரியாகப் பிடிக்காது. நிறமி மை கொண்ட, பிளாஸ்டிக்கில் எழுதும் பேனா வாங்குங்கள். பழைய, பூச்சில்லாத கறுப்பு வெள்ளைப் படமென்றால் மென்மையான பென்சிலே போதும். முகங்களுக்குப் பின்னால் எழுதாமல் ஓரமாக, இடமிருந்து வலமாகப் பெயர்கள், தேதி, இடம், கடைசியில் எடுத்தவர் பெயர். மை நன்றாகக் காயும்வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மேலே உள்ள படத்தின் எழுத்து கீழே உள்ளவர் நெற்றியில் பதிந்துவிடும்.