கடைக்காரர்கள் ஏன் கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறார்கள்? சம்பாதிக்கத்தானே?

உங்கள் வார்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் நிற்கப்போகிறார், எல்லாம் கான்டிராக்ட் எடுக்கத்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவரை எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் என் அப்பாவும் ஹார்டுவேர் கடைக்காரர், 2022இல் நகராட்சி வார்டுக்குச் சுயேச்சையாக நின்றவர். அதனால் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

ஏன் நின்றார் என்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. நகராட்சிகளுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் நிர்வாகம். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் சாக்கடை கலந்து வருகிறது என்றால் யாரிடம் போவது? வால்வு வாங்க வந்தவர்கள் அப்பாவிடம் புலம்பிவிட்டுப் போனார்கள். வியாபாரிகள் சங்கப் பொருளாளர் என்பதால் நகராட்சி அலுவலகத்தில் அவருக்கு நாலு பேரைத் தெரியும். மனு எழுதிக் கொடுப்பார், கூடவே போவார். அந்த நேரத்தில் கடையை அம்மா பார்த்துக்கொள்வார். தேர்தல் அறிவித்ததும் "நீங்களே நில்லுங்க அண்ணாச்சி" என்று ஆரம்பித்தது அப்படித்தான்.

சம்பாதித்த கதையைக் கேளுங்கள். மனுத் தாக்கல் செய்த அன்று கடன் நோட்டை மூடி அம்மாவிடம் கொடுத்துவிட்டார். ஓட்டு எண்ணி முடியும்வரை யாரிடமும் பாக்கி கேட்கக் கூடாது. கேட்டால் ஓட்டுக்காக நெருக்குகிறார் என்பார்கள், தள்ளுபடி செய்தால் ஓட்டுக்குக் காசு என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் அந்த நாட்களில்தான் பைப், பெயின்ட் எல்லாவற்றையும் கணக்கில் எழுதச் சொல்லி அள்ளிக்கொண்டு போனார். எதிர்த்தரப்போ, இவர் தோற்றால் மறுநாளே எல்லோரிடமும் வட்டியோடு கேட்பார் என்று தெருத்தெருவாகப் பரப்பியது.

தோற்றார். மூன்றாவது இடம். பாக்கி வைத்திருந்த பலர் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஓட்டுப் போடாத கூச்சமா, பணம் கொடுக்க வேண்டுமே என்பதா, இன்றுவரை புரியவில்லை. பெயின்ட் வாங்கியவர் மட்டும் வழக்கம்போல வந்து நலம் விசாரிக்கிறார்.

இதை வைத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். கான்டிராக்டுக்காகவே நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நகராட்சியோடு நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவர் போட்டியிட முடியாது என்று சட்டம் இருக்கிறது. அதனால் ஒப்பந்தம் மச்சான் பெயரில் இருக்கும். உங்கள் ஆளைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் அவர் பேச்சை விடுங்கள், நகராட்சிக்குப் பல்பும் பைப்பும் எந்தக் கடையிலிருந்து போகின்றன என்று விசாரியுங்கள். அந்த ஏரியா பிளம்பரைக் கேட்டாலே போதும்.

வியாபாரிக்கு எதற்கு அரசியல் என்ற தொனியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெரியார் ஈரோட்டில் மண்டி வியாபாரம் செய்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர். 1919இல் காங்கிரஸில் சேர்ந்தது அதற்கு அப்புறம். காமராஜர் படிப்பை விட்டதும் விருதுநகரில் மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தார். அவர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலாவே வியாபாரிகளின் மகமைப் பணத்தில், அதாவது வியாபாரத்திலிருந்து பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில், நடந்த பள்ளி. அப்பாவை இவர்களோடு ஒப்பிடவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காததுதான். உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தினார்கள். அடுத்த முறை எங்கள் வார்டு பெண்கள் வார்டாக மாறும் என்று பேச்சு. உடனே சங்கத்தில் அம்மாவை நிறுத்துவதாக முடிவாகிவிட்டது, போஸ்டரில் அப்பா படம்தான் பெரிதாக வர வேண்டுமாம். அத்தனை வருடமும் கல்லாவில் உட்கார்ந்து கடன் நோட்டையும் மனு நகல்களையும் பத்திரமாக வைத்திருந்தவர் அம்மா. உங்களுக்கு இஷ்டமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அப்பா உட்பட.