பதஞ்சலியின் பட்டியலில் மனைவி இல்லை

கேள்வி: மூன்று வருடமாக யோகாசனமும் தியானமும் செய்கிறேன். ஆரம்பத்தில் கண்ணை மூடினால் புருவ நடுவில் ஒளி தெரியும். இப்போது அதுவும் போய்விட்டது. ஒன்று தூக்கம் வருகிறது, இல்லாவிட்டால் மனம் ஊர் சுற்றுகிறது. இரண்டு மூன்று பயிற்சி முறைகளை மாற்றியும் பார்த்துவிட்டேன். காலையில் உட்கார்ந்ததுமே குக்கர் விசில், பிள்ளைகள் சண்டை, மனைவியின் குரல். பல நாள் எரிச்சலில் எழுந்து கத்திவிடுகிறேன். குடும்பத்தில் இருந்துகொண்டு ஆன்மிகத்தில் முன்னேறவே முடியாதா? பத்து நாள் மௌன முகாமுக்குப் போனால் சரியாகுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் தடைப் பட்டியலில் குக்கர், பிள்ளைகள், மனைவி இருக்கிறார்கள். யோகத்துக்கு மூல நூல் எழுதிய பதஞ்சலியும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். யோக சூத்திரம், முதல் பாதம், 30வது சூத்திரம். நோய், மனம் மந்தமாகிப் போவது, சந்தேகம், அசட்டை, சோம்பல், புலன் சுகங்களை விட முடியாமை, இல்லாததைக் கண்டதாக நினைப்பது, ஒரு நிலையை எட்ட முடியாமை, எட்டிய நிலையில் நிற்க முடியாமை. ஆக மொத்தம் ஒன்பது. இதில் ஒன்றையாவது அடுத்தவர் தலையில் கட்ட முடியுமா, பாருங்கள். குகைக்குப் போனவர்களுக்கும் இதே ஒன்பதுதான். அங்கே குக்கர் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தூக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதைத்தான் பலரும் பெரிய ஆன்மிகச் சிக்கலாக நினைத்துக் குழம்புகிறார்கள். இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நள்ளிரவு வரை போன் பார்த்துவிட்டு நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து கண்ணை மூடினால், தூக்கம் வராமல் என்ன வரும்? அதிகம் சாப்பிடுகிறவனுக்கும் பட்டினி கிடக்கிறவனுக்கும், அதிகம் தூங்குகிறவனுக்கும் தூங்காமலே கிடக்கிறவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் பச்சையாகச் சொல்கிறது. பதஞ்சலி தன் பட்டியலில் நோயை முதலில் வைத்திருப்பதும் பொருத்தம்தான். போதுமான அளவு தூங்கியும் பகலில் கண் சொக்குகிறது என்றால் குருவைத் தேட வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகையா, தைராய்டா, சர்க்கரையா, குறட்டையோடு மூச்சு தடைபடுகிற கோளாறா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். உடம்பு அழிந்தால் மெய்ஞ்ஞானம் சேராது என்று பாடிய திருமூலரைவிட நாம் பெரிய யோகிகள் இல்லை.

தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு சுகமான மந்தம் இருக்கிறதே, அதில்தான் அதிக ஆபத்து. அதைத் தியானம் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ரமணர் இதற்கு ஒரு கதை சொல்வார். கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனிடம் தண்ணீர் கேட்டார். அவன் கொண்டுவருவதற்குள் மனம் ஒடுங்கிப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காலம் பல கடந்து கண் திறந்ததும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை, ‘தண்ணீர்!’ மனம் ஒடுங்கியதே தவிர அழியவில்லை. விட்ட இடத்திலேயே ஆசை காத்துக்கொண்டிருந்தது. அதனால் மந்தம் வரும்போது கண்ணைத் திறங்கள், முதுகை நிமிர்த்துங்கள், முகம் கழுவிவிட்டு வந்து உட்காருங்கள்.

அந்த ஒளிக்கு இவ்வளவு துக்கம் வேண்டாம். வந்ததால் நீங்கள் உயர்ந்துவிடவில்லை, போனதால் தாழ்ந்துவிடவும் இல்லை. பதஞ்சலி சித்திகளையே, அதாவது யோகத்தால் வரும் அபூர்வ சக்திகளையே, சமாதிக்கு இடையூறு என்கிறார். கண்ணை மூடினால் தெரிந்த ஒரு வெளிச்சம் எந்த மூலைக்கு? தினமும் அது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால், நீங்கள் செய்வது தியானம் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பது.

முறைகளை மாற்றியதற்கு வருவோம். அந்த ஒன்பது தடைகளை நீக்க 32வது சூத்திரத்திலேயே பதஞ்சலி வழி சொல்கிறார்: ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே பயிற்சி செய். மூச்சைக் கவனிக்கிறீர்களா, மூச்சு. மந்திரமா, மந்திரம். நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி உறுதிப்படும் என்றும் சொல்லியிருக்கிறார். யூடியூபில் நல்லதாக இன்னொன்று கிடைத்தது என்று மாதத்துக்கு ஒரு புது முறையைப் பிடித்தால், ஒவ்வொன்றிலும் ஆரம்பகால உற்சாகம் மட்டும்தான் மிஞ்சும். அப்புறம், மனம் ஊர் சுற்றுவது தோல்வி இல்லை. போய்விட்டது என்று தெரிந்ததும் திட்டாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இருபது நிமிடத்தில் நூறு தடவை கொண்டுவந்தீர்களா? சரி, அன்றைக்கு அதுதான் தியானம்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. எரிச்சலில் எழுந்து கத்திவிடுகிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது இதுதான். அஷ்டாங்கம் என்கிற யோகத்தின் எட்டுப் படிகளில் தியானம் ஏழாவது. முதலாவது யமம், அதாவது பிறரிடம் நடந்துகொள்வதில் கட்டுப்பாடு; அதிலும் முதலில் வருவது அகிம்சை. ஏழாவது படியில் உட்கார இடம் கேட்டு, முதல் படியில் இருக்கும் பிள்ளையைத் திட்டுகிறீர்கள். அது மட்டுமில்லை. மனம் தெளிய, சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரைக் கண்டு மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் பொருட்படுத்தாமை என்று நான்கைப் பழகச் சொல்கிறார் பதஞ்சலி. நான்குக்கும் எதிரே ஒரு மனிதர் வேண்டும். உங்களுக்கு வீடு நிறைய இருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம், தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் கண் மூடி உட்காரும் அந்த நேரத்தில்தான் உங்கள் வீட்டில் சமையல், டிபன் பாக்ஸ், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது எல்லாம் நடக்கிறது. அதை ஒருவர் தனியாகச் செய்துகொண்டிருக்கிறார். அவர் கூப்பிடுவது தியானத்தைக் கலைக்கவா, தேங்காய் துருவித் தரவா? அரை மணி நேரம் முன்னால் எழுந்து உட்காருங்கள், அல்லது பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு உட்காருங்கள். விசில் வந்தால் அதையும் ஒரு சத்தமாகக் கேட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள்.

முகாம் பற்றி: நீங்கள் சொல்வது விபஸ்ஸனா என்ற தியான முறையைக் கற்றுத்தரும் முகாம் என்றால், அவை நல்லவைதான். பத்தாம் நாள் காலை வரை பேச்சில்லை, போன் இல்லை, விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள், தினமும் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். முன்பு மனநலச் சிகிச்சை எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தீவிரமான மனநோய் உள்ளவர்களுக்கு இதை முகாம் நடத்துபவர்களே பரிந்துரைப்பதில்லை. பயிற்சியை ஆழப்படுத்தப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். வீட்டிலிருந்து தப்பிக்க என்றால், பதினோராவது நாள் காலையில் அதே குக்கர்தான். எதற்கும் அந்தப் பத்து நாள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று மனைவியிடம் பேசி முடித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.